இடது காலுக்கு ஒரு தொழில்

1896-இல் மலாயாப் பக்கம் இரண்டு புது வரவுகள். ஒன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியது. ஜெர்மனியில் செய்த பென்ஸ் மோட்டார் வண்டி அது. காட்ஸ் பிரதர்ஸ் என்ற கம்பெனி தருவித்தது. சிங்கப்பூரின் பழங்கதைகளைத் தொகுத்தெழுதிய சார்ல்ஸ் பக்லி அதை வாங்கி ஓட்டினார். அது போட்ட கடகடச் சத்தத்தைக் கேட்டு ஊரார் வைத்த பெயர் ‘காப்பி மெஷின்’. இன்னொன்று மலாக்காவில் மண்ணுக்குள் இறங்கியது. டான் சாய் யான் என்ற சீனத் தனவந்தர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர்க் கன்று நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான்.

கார் பெருகினால் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களாகத்தான் நம் பாட்டன் பூட்டன்மார்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறினார்கள். டயராகிப் போன பாலை வெட்டிய கைகள் சொந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்க மூன்று தலைமுறை ஆயிற்று. குறுக்கே நின்றது பணம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. காரின் தரையில் இடது காலடியில் ஒரு பெடல் இருந்தது. அதை மிதித்து விடத் தெரிந்தவன் ஒரு பக்கம், தெரியாதவன் மறுபக்கம். கிளட்ச் என்ற அந்தப் பெடல் மலாக்காத் தோட்டங்களுக்குள் நுழைந்ததும், ஊரெல்லாம் பரவியதும், இப்போது ஒவ்வொரு காராக விட்டு இறங்கிக்கொண்டிருப்பதும்தான் இந்த வரலாறு.

பாரிசில் பிறப்பு

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நின்ற நிலையிலிருந்து அதனால் இழுக்க முடியாது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். சக்கரமோ நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். சுற்றிக்கொண்டே இருப்பதையும் நின்றுகொண்டிருப்பதையும் திடீரென்று இணைத்தால் நின்றது ஓடாது, ஓடியது நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்து வைக்க ஒன்று தேவைப்பட்டது.

அந்தச் சமாதானம்தான் கிளட்ச். இன்ஜினின் கடைக்கோடியில் கனமான ஓர் இரும்புச் சக்கரம் சுற்றும். அதன் முகத்தோடு ஓர் உராய்வுத் தகட்டை வில்கள் அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் அந்தப் பிடி விலகும். இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்ற, சக்கரம் சும்மா இருக்கும். பெடலை விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பாதி விட்ட இடத்தில் தகடு வழுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். இந்தப் பாதி இடத்தைத்தான் ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறோம். மேனுவல் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதன் பெரும்பகுதி, அந்த இடத்தைக் காலால் கண்டுபிடிப்பதுதான்.

சிங்கப்பூரில் இறங்கிய பென்ஸ் வண்டியில் கியர்ப் பெட்டி கிடையாது; வேகம் மாற்றியது தோல் வார்ப்பட்டை. இன்று நமக்குத் தெரிந்த அமைப்பு அதற்கும் முன்னதாகவே பாரிசில் உருவாகியிருந்தது. 1891-இல் பன்ஹார் எ லெவாசோர் நிறுவனத்தின் எமில் லெவாசோர் இன்ஜினை வண்டியின் முன்னால் வைத்தார். அதன் பின்னால் கிளட்ச், அதற்கும் பின்னால் சின்னதும் பெரியதுமான பற்சக்கரங்கள், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஓட்டம். பற்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று கோத்துவிட ஒரு கம்பு. முக்கால் நூற்றாண்டுக்குமேல் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைப் பின்பற்றின.

கியர் எதற்கு என்பதும் லேசான கணக்குதான். சின்னப் பற்சக்கரம் பெரியதைச் சுற்றினால் வேகம் குறையும், பலம் கூடும். ஏற்றத்தில் முதல் கியர், சமதரையில் நான்காம் கியர். இன்ஜினிடம் பலம் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்பதை ஒவ்வொரு வளைவிலும் மேட்டிலும் ஓட்டுகிறவரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பொறுப்பும் கிளட்ச்சோடு சேர்ந்தேதான் கப்பலேறி வந்தது.

துரையின் காரில்

1908-இல் ஃபோர்ட் கம்பெனி மாடல் டி காரை வெளியிட்டது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போயிற்று. டயர் செய்யும் டன்லப் கம்பெனி அந்த வாக்கிலேயே மலாயாவில் தோட்டம் வாங்க ஆரம்பித்தது. மலாக்காவில் டான் சாய் யான் அதற்கு முன்பே புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய அளவில் பயிரிட்டிருக்க, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல், தெபோங் என்று உள்நாடு முழுக்கக் காடு அழிந்து பால்மரம் ஆனது. கங்காணிகள் ஊர் ஊராக ஆள் சேர்த்து அழைத்து வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போட்டதோடு அந்த ஓட்டம் நின்றது.

தோட்டத்துக்குள் கார் வந்தது துரைக்காக. எம் என்று தொடங்கும் மலாக்காப் பதிவு எண், பளபளக்கும் முன்விளக்கு, பின்னால் செம்மண் புழுதி. 1926-இல் ஃபோர்ட் மலாயா சிங்கப்பூரில் கடை விரித்த பிறகு வண்டிகள் வருவது இன்னும் சுலபமானது. துரை சில நாள் தானே ஓட்டுவார். பல நாள் டிரைவர் ஓட்டுவார். அந்த டிரைவர் பெரும்பாலும் லயத்திலிருந்து போன ஆளாக இருப்பார்.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தில் அவர் கிடையாது. மண்டோர் அவரை அதட்ட முடியாது. கிராணியும் அவரிடம் கொஞ்சம் அளந்துதான் பேசுவார், ஏனென்றால் துரையோடு ஒரே வண்டியில் உட்காருகிறவர் அவர். தோட்டத்தின் அதிகார ஏணியில் மேலே துரை, கீழே பால்வெட்டுக்காரர் என்று எல்லாருக்கும் ஒரு படி எழுதியிருந்தது. டிரைவருக்கு மட்டும் எந்தப் படி என்று தெளிவாகச் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பத்தில் ஒருவன் மரத்தை விட்டு விலகி நிற்க, படிப்புக்கு அடுத்தபடியாக இருந்த வழி இந்த இடது கால் வித்தைதான்.

அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் ஏதும் இல்லை. முதலில் கிளீனராகச் சேர வேண்டும். கார் கழுவ வேண்டும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினை எழுப்ப வேண்டும். பக்கத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் சாலையைப் பார்க்கக் கூடாது. டிரைவரின் காலைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஷெட்டுக்குள் வண்டியை முன்னும் பின்னும் ஓரடி நகர்த்தத் தருவார்கள். பரீட்சை அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கியர் லேசில் மசியாது. பற்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கோக்கப் பார்த்தால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். அதனால் ‘டபுள் கிளட்ச்’ போட வேண்டும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, கியர் இறக்குவதாக இருந்தால் எண்ணெய்ப் பெடலை ஒரு மிதி மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்ச்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். இத்தனையும் வண்டி மேட்டில் தளர்ந்து நிற்பதற்குள் நடந்தாக வேண்டும். எவ்வளவு மிதிப்பது என்பதைக் காது சொல்லும், கால் செய்யும்.

பால்வெட்டுக்கும் இப்படியொரு அளவு உண்டு. பட்டையைச் சீவும் கத்தி, பால் ஊறும் பட்டையை வெட்ட வேண்டும்; அதற்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடக் கூடாது. நடுவில் விட வேண்டியது ஒரு மில்லிமீட்டர் போல. ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம் விழும், கணக்கப்பிள்ளை கூலியில் பிடிப்பார். நல்ல வெட்டுக்காரருக்கு அந்த அளவு கையில் இருக்கிறது, கண்ணால் அளப்பதில்லை. கிளட்ச் பிடிக்கும் இடமும் அப்படித்தான் காலுக்குள் போய் உட்கார வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்து பழகிய ஒரு சமூகத்துக்கு இந்த வித்தை அந்நியமாகத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

லோரியும் செம்மண் பாதையும்

காரில் வந்த கிளட்ச்சைத் தோட்டம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது லோரி. பால் ஏற்றும் தாங்கி, ரப்பர் ஷீட் கட்டுகள், அரிசி மூட்டை, உரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், திருவிழாவுக்குப் போகும் கூட்டம், சில நாள் பிணம். எல்லாமே லோரிதான். அதை ஓட்டுகிறவர் தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவில் செய்தித்தாளும் தபாலும்கூட.

மழைக்காலத்துச் செம்மண் பாதையில் கியர் பற்றிய பாடம் இன்னும் ஆழமாகும். வழுக்கும் மேட்டில் முதல் கியரில் கிளம்பினால் பலம் மிஞ்சிச் சக்கரம் அதே இடத்தில் சுழன்று குழி பறிக்கும். இரண்டாம் கியரில், கிளட்ச்சை மெல்ல விட்டுக் கிளம்பினால் பிடி கிடைக்கும். பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறித் தேய்ந்து கைவிட்டுவிடும். மேட்டை எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லோரிக்காரர்கள் சொல்வது இதனால்தான். கியரில் கிடக்கும் இன்ஜின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, துரைகளின் கார்களுக்கு இரும்புக் கவசம். கனம் கூடிய அந்த வண்டிகளைப் பதுங்கியிருப்பவர்களின் துப்பாக்கிக்கு முன்னால் ஓட்டிப்போனதும் பல இடங்களில் நம் ஆட்கள்தான். சுதந்திரம் வந்தது. 1958-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. லயத்து வாசலில் மட்டும் கார் நிற்கவில்லை, சைக்கிள் நின்றது. 1967-இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் நிர்வாகத்தோடு ஏற்பட்ட தகராறில் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் நோக்கி ஊர்வலம் போனார்கள். உலகத்துக் கார்களுக்குக் காலணி செய்ய ரப்பர் கொடுத்த தோட்டத்தார் அன்று போனது கால்நடையாக.

லோரி ஓட்டத் தெரிந்தவருக்குத் தோட்டத்துக்கு வெளியிலும் வேலை கிடைத்தது. பஸ் கம்பெனி, பொதுப்பணித் துறை, நகராட்சி லோரி, வெளியூர் டாக்சி. அறுபதுகளில் வெளியூருக்கு ஓடிய மெர்சிடிஸ் டீசல் டாக்சிகளில் கியர் கம்பு தரையில் இருக்காது, ஸ்டியரிங்கின் கழுத்தில் இருக்கும். முன்சீட்டில் இன்னொரு ஆளை நெருக்கி உட்காரவைக்க அது வசதி. கம்பு எங்கே இருந்தாலும் பெடல் மூன்றுதான். ஒன்றில் தேறிய கால் மற்றதிலும் தேறிவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனைக்கு வழிவிட்ட ஆண்டுகளில், வேலை இழந்த பல குடும்பங்களில் அடுப்பெரிந்தது அப்பாவின் லைசென்சால்.

சாகாவிலிருந்து கஞ்சிலுக்கு

எழுபதுகளில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வணிக மண்டலத் தொழிற்சாலைகள் திறந்தன. தோட்டத்துப் பெண்களை ஏற்றிப்போகக் கம்பெனி பஸ் வந்தது. ஆண்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். கையில் காசு சேர்ந்த சிலர் பழைய டாட்சன் 120ஒய் வாங்கினார்கள். அப்படி வாங்கிய கார்களில் பாதி நாள் பேட்டரி செத்திருக்கும். அதற்கும் கிளட்ச்சிடம் மருந்து இருந்தது. சாவியைத் திறந்து, இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு உள்ளே ஒருவர் உட்கார, வெளியே நாலு பேர் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் பெடலைப் பட்டென்று விட்டால், உருளும் சக்கரம் இன்ஜினைச் சுழற்றி எழுப்பிவிடும். கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் காரை, அதாவது ஆட்டோவை, இப்படி எழுப்ப முடியாது. இன்ஜின் ஓடி எண்ணெய் அழுத்தம் ஏறினால்தான் அதன் கியர்ப் பெட்டிக்குள் எதுவும் எதையும் பிடிக்கும். தள்ள நாலு பேர் எப்போதும் கிடைக்கிற இடத்தில், புது பேட்டரிக்குக் காசு கிடைக்காத மாதக் கடைசியில், கிளட்ச் ஏழைக்கு ஏற்ற சாமானாக இருந்தது.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷி லான்சரின் வார்ப்பு, 1.3 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர். டீச்சர்கள், கிராணிகள், அரசாங்க வேலைக்காரர்கள் வீட்டு வாசலுக்கு முதல் புதுக் கார் அதன் வழியாக வந்தது. கோயிலுக்கு ஓட்டிப்போய், நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் கியரில் மெல்ல ஏற்றி நசுக்குவார்கள். பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, ஐயர் முன்னாலேயே இன்ஜின் சாகிற காட்சியும் அடிக்கடி நடக்கும். யாரும் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வதில்லை. புதுசு, பழகிவிடும் என்பார்கள்.

சாகாவும் எட்டாத வீடுகளுக்கு 1994 ஆகஸ்டில் வழி பிறந்தது. பெரோடுவா நிறுவனம் டைஹாட்சு மீராவை அடியொற்றிச் செய்த கஞ்சில், மூன்று சிலிண்டர், 660 சிசி. கஞ்சில் என்பது சருகுமானின் மலாய்ப் பெயர். வேட்டைநாயை ஆற்றில் உதைத்துத் தள்ளிய சருகுமானைப் பார்த்துத்தான் பரமேஸ்வரா மலாக்காவை நிறுவினார் என்பது இந்த மண்ணின் பழங்கதை. மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. அடுத்த மாதம், 1994 செப்டம்பரில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் என்று மலாக்காவுக்கு வாசல்கள். அந்தச் சாலைப் பணி தொடங்கிய எண்பதுகளில் பொதுப்பணி அமைச்சராக இருந்த ச. சாமிவேலு ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. சாலையும் வந்தது, கைக்கெட்டும் விலையில் காரும் வந்தது. மிச்சமிருந்தது லைசென்ஸ்.

மஞ்சள் கோட்டுக்கு நடுவே

டிரைவிங் பள்ளிகள் கஞ்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. சின்ன உடம்பு, லேசான கிளட்ச், மலிவான உதிரிபாகம், எங்கு இடித்தாலும் அந்தக் கம்போங்கிலேயே தட்டி நிமிர்த்த ஆள். 2009-இல் உற்பத்தி நின்ற பிறகும் பல ஆண்டுகள் எல் பலகை மாட்டிய கஞ்சில்கள் வட்டமடித்தன. பிறகு விவா, 2014 முதல் ஆக்சியா. தொண்ணூறுகளுக்குப் பின் மலாக்காவில் மேனுவல் ஓட்டப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளில் பலரின் இடது கால் முதலில் தொட்டது இந்தச் சின்னக் கார்களின் கிளட்ச்சை.

ஷெட்டில் ஒளிந்து கற்றது இப்போது பாடத்திட்டம் ஆகிவிட்டது. பதினேழு வயது நிரம்ப வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும். பிறகுதான் எல் லைசென்ஸ். பயிற்சி தருகிறவரை இனம் பார்க்காமல் எல்லாரும் ‘சிக்கு’ என்றே கூப்பிடுவார்கள். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பானட்டைத் திறந்து தண்ணீர், எண்ணெய், பேட்டரி எங்கே என்று காட்டச் சொல்வார். பழைய கிளீனரின் வேலை தேர்வுக்குள் ஒரு பகுதியாக உயிரோடிருப்பதை அங்கே பார்க்கலாம்.

அடுத்தது திடல். பக்கவாட்டில் நிறுத்துவது, மூன்று திருப்பத்தில் வண்டியைத் திருப்புவது, மேடு. தேர்வுக்கு முதல் நாள் இரவு தூக்கத்தைக் கெடுப்பது இந்த மூன்றில் மேடுதான். சிமெண்ட் சரிவில் பாதி ஏறி, மஞ்சள் கோடுகளுக்கு நடுவே சக்கரம் நிற்கும்படி நிறுத்த வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும். பிறகு பின்னால் உருளாமல், இன்ஜினும் சாகாமல் கிளம்பி உச்சிக்குப் போக வேண்டும்.

செய்முறையை யாரும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கிளட்ச்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடு. வலது காலால் எண்ணெயைக் கொஞ்சம் கொடு. இடது காலை மெல்லத் தூக்கு. கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், காரின் மூக்கு லேசாக எழும்பும், உடம்பில் ஒரு நடுக்கம் ஓடும். அங்கேயே காலை நிறுத்து. இப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கு. கார் நின்ற இடத்திலேயே நிற்கும், கீழே போகாது. அதற்குப் பிறகு எண்ணெயைக் கூட்டினால் ஏறும்.

சொல்வது எளிது, அந்த நடுக்கத்தை நம்புவதுதான் கஷ்டம். பிரேக் இல்லாமல் சரிவில் கார் நிற்கும் என்று மனசு ஒப்பாது. பயத்தில் கால் தானாகத் தூக்கும், இன்ஜின் சாகும். இன்னொருவர் பயத்தில் கிளட்ச்சை மறுபடி மிதித்துவிடுவார், கார் பின்னால் உருளும். சிக்கு திட்டாமல் சொன்னாலும் திட்டிச் சொன்னாலும் பயன் ஒன்றுதான். சொல்லால் அது கடத்தப்படுவதில்லை. ஒரு நாள் கால் கண்டுபிடிக்கும். அதற்குப்பின் மறக்காது. கோப்பிக் காசு என்ற லஞ்சம் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்களைப் பற்றி ஊரில் கிண்டல் உண்டு. அவர்கள் யாரென்று தெரிய வேண்டுமானால் சரிவில் சிக்னல் விழும் இடத்தில் அவர்கள் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

தேர்ச்சிக்குப் பின் சிவப்புப் பலகையில் வெள்ளைப் பி, இரண்டு வருஷம். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான தேர்வு காத்திருக்கும். முன்னால் காவடிக் கூட்டம், பின்னால் பஸ், அடியடியாக நகரும் வரிசை. ஒரு மணி நேரம் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டால் இடது முழங்கால் தனியாக அழும். பாதியில் வைத்தே ஓட்டிக்கொண்டிருப்பவரின் காரிலிருந்து தகடு தீயும் வாடை வரும். ‘காலைப் பெடல் மேல வச்சே ஓட்டாதடா’ என்று பின்சீட்டு மாமா சொல்வது அனுபவத்தில் வந்த அறிவுரை. வழுக்கிக்கொண்டே இருக்கும் தகடு சீக்கிரம் தேயும், மாற்றும் செலவு சம்பளத்தில் விழும்.

விடைபெறும் பெடல்

இந்த நெரிசல்தான் கிளட்ச்சை வீடுகளிலிருந்து இறக்கியது. கிளட்ச்சின் முடிவுக்கு விதை போட்டவர் அதற்கு உபகாரம் செய்த அதே ஆள் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கை. அமெரிக்காவின் எர்ல் தாம்ப்சன் கண்டுபிடித்த சின்க்ரோமெஷ் அமைப்பு 1928-இல் காடிலாக் கார்களில் வந்தது. கோக்கப்போகும் பற்சக்கரங்களை அது முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும்; டபுள் கிளட்ச் தேவையில்லாமல் போனது அதனால்தான். அதே தாம்ப்சன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் கிளட்ச் பெடலையே எடுத்துவிட்டது. அமெரிக்காவில் அன்று நடந்தது மலாக்காவில் பரவலாக நடக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

2005-இல் மைவி வந்தபோது மேனுவல், ஆட்டோ இரண்டும் இருந்தன. 2021-இல் மைவியின் மேனுவல் நிறுத்தப்பட்டது. 2023-இல் வந்த புதிய ஆக்சியாவிலும் மூன்றாவது பெடல் இல்லை. பழைய உடலோடு ஒரு மேனுவல் ஆக்சியாவை மட்டும் 22,000 ரிங்கிட்டுக்குத் தனியாக விற்றார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே, ஆட்டோ மட்டும் ஓட்ட டிஏ என்ற தனி வகுப்பைத் திறந்தது. டி எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம். டிஏ எடுத்தவர் மேனுவலைத் தொடக் கூடாது. அலோர் காஜாவுக்குப் பக்கத்தில், பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த பெகோவில் 2003-இல் ஹோண்டா தொழிற்சாலை திறந்தது. அங்கு இன்று செய்யப்படும் சிட்டியிலும் சிவிக்கிலும் இடது காலுக்கு வேலையில்லை.

இதில் வருந்த என்ன இருக்கிறது? மேட்டுக்குப் பயந்து லைசென்ஸ் எடுக்காமலே இருந்த அம்மாக்களும் அக்காக்களும் டிஏ எடுத்து இன்று தாங்களே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுகிறார்கள். முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் ஓட்டுவதை நிறுத்தாமல் இருக்கிறார்கள். ஒரு பெடல் குறைந்ததில் ஓட்டுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கியர் போடத் தெரிந்தவன்தான் டிரைவர் என்று மார்தட்டுவது வீண் பெருமை; அன்றைய துரையின் டிரைவருக்கு அது பெருமைக்கான பொருளே அல்ல, சோறு போட்ட தொழில்.

அந்தத் தொழில் இன்னும் ஒழியவில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் பழைய லோரிகளில் இன்றும் பெடல் மூன்று. டிராக்டரில் மூன்று. காய்கறி ஏற்றும் வேன்களிலும், கேஸ் தோம்பு கொண்டுவரும் சின்ன லோரிகளிலும் பெரும்பாலும் மூன்று. துரையின் காரிலிருந்து புறப்பட்ட கிளட்ச், சம்பளக்காரர் வீட்டு வாசல்களைச் சுற்றிவிட்டு, மறுபடி கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர்களிடமே போய்ச் சேர்கிறது. ஒரு காலத்தில் அது தெரிந்தவர் சிலர் என்பதால் அதற்கு மதிப்பு இருந்தது. டிஏ எடுப்பவர்கள் பெருகப் பெருக, தெரிந்தவர் மறுபடியும் சிலர் ஆவார்கள்.

ஜாசினிலோ மெர்லிமாவிலோ பதினேழு வயதுப் பிள்ளையை டிரைவிங் பள்ளிக்கு அழைத்துப்போகும் தகப்பன் இன்று ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்: டி-யா, டிஏ-வா? வீட்டு வாசலில் நிற்கிற கார் ஆட்டோ என்பதால் டிஏ போதும் என்று பள்ளிக்காரரே சொல்லக்கூடும். தேர்வு சுலபம், நாளும் மிச்சம். ஆனால் வாசலில் நிற்கும் கார் தகப்பனுடையது. அந்தப் பிள்ளை என்ன வேலைக்குப் போகும், எந்த வண்டியின் சாவி அதன் கையில் கொடுக்கப்படும் என்று பதினேழு வயதில் யாருக்கும் தெரியாது. மேட்டில் நாலு முறை இன்ஜின் செத்தாலும் பரவாயில்லை, டி எடுக்கட்டும்.